தரையில் பூக்கும் ஆர்க்கிட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஜவ்வாது மலையில் மழைக்குப் பிறகு தரையில் முளைக்கிற ஆர்க்கிட்டுகளைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ரோஜாவில் மாவுப்பூச்சி, தொட்டிக் கறிவேப்பிலை, காய்க்காத கொய்யா எல்லாரும் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க ஆர்க்கிட்தான்.

புரட்டாசியில் பீஞ்சமந்தை போகிற வழியில், பாறைச் சரிவில் ஒரு செடியைப் பார்த்தேன். வட்டமாக இரண்டே இலை, மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. நடுவில் ஒரு சாண் தண்டு, அதில் வெள்ளைப் பூக்கள். செல்போன் செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் காட்டுகிறது. ஒன்றும் பொருந்தவில்லை. இது புது இனம்தானே? பெயர் வைக்க யாரைப் பார்க்க வேண்டும்?
பள்ளி ஆசிரியை, ஒடுகத்தூர்

டீச்சர், படம் அருமையாக வந்திருக்கிறது. பக்கத்தில் பேனாவை வைத்து எடுத்திருக்கிறீர்கள். அளவு தெரிந்துகொள்ள அதைவிடப் பெரிய உதவி இல்லை. பூவை மட்டும் கிட்டத்தில் எடுத்துவிட்டு இலையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் சேதி உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இது புதிதில்லை. ஹேபனேரியா என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். மண்ணில் அழுந்திக் கிடக்கும் அந்த வட்ட இலைகளைப் பார்த்தால் ஹேபனேரியா ராக்ஸ்பர்கி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது ஹேபனேரியா பிளான்டாஜினியா. இரண்டுமே வறண்ட மலைக்காட்டுக்காரர்கள், இரண்டுக்கும் வெள்ளைப் பூ. பிளான்டாஜினியாவுக்கு இலை கொஞ்சம் நீளம், எண்ணிக்கையும் கூட. சந்தேகம் தீர வேண்டுமானால் பூவின் கீழ் இதழைப் பாருங்கள். அது மூன்று துண்டாகப் பிரிந்திருக்கும். பக்கத்துத் துண்டுகள் இரண்டும் விசிறி மாதிரி அகன்றிருந்தால் பிளான்டாஜினியா. நாடாவாக ஒடுங்கியிருந்தால் ராக்ஸ்பர்கி. உங்கள் படத்தில் பூ கொஞ்சம் மங்கல். ஆனால் எனக்குத் தெரிகிற வரை நாடாதான்.

இந்த இரண்டில் ஒன்றைத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே படம் போட்டு எழுதிவிட்டார். கோரமண்டல் கரைச் செடிகளைப் பற்றிய அவருடைய நூலின் முதல் தொகுதி 1795-இல் வெளிவரத் தொடங்கியது. நீங்கள் பார்த்த செடிக்கு இருப்பதும் அவர் பெயர்தான். ஆக, இந்த வெள்ளைப் பூக்காரர்கள் தாவரவியலுக்கு இருநூறு வருடப் பழக்கம்.

செயலியை நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் ஏற்றிய படங்கள். ஜவ்வாது மலைத் தரை ஆர்க்கிட்டை எத்தனை பேர் படம் எடுத்து ஏற்றியிருப்பார்கள்? செயலிக்குத் தெரியாத செடியெல்லாம் புது இனம் என்றால் எங்கள் தெருவிலேயே பத்து இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பூவின் வாய்க்குள், தேன்குழல் தொடங்குகிற இடத்தில், ஒரு ஊக்கின் முனையை மெல்ல நுழைத்து வெளியே எடுங்கள். முனையில் மஞ்சளாக, சின்னக் காம்போடு, குண்டான முடிச்சு ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் ஆர்க்கிட்டின் மகரந்தம். செம்பருத்தி போலத் தூளாக உதிராது. மூட்டையாகக் கட்டிப் பசை தடவி வைத்திருக்கும். ராத்திரியில் தேன் குடிக்க வரும் அந்துப்பூச்சியின் முகத்தில் அது ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போகும்போது சரியாகச் சூல்முடியில் போய் இடிக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பாடப்புத்தகப் படத்தை விட நன்றாக நினைவில் நிற்கும். ஊக்கை அடுத்த பூவில் தொட்டுவிட்டு வாருங்கள், அந்துப்பூச்சியின் வேலையை நீங்கள் செய்ததாக இருக்கட்டும்.

சரி மேடம், ஒருவேளை உண்மையிலேயே புது இனமாக இருந்தால்? முதலிலிருந்து கடைசி வரை என்ன செய்ய வேண்டும்?
தாவரவியல் மாணவர், திருப்பத்தூர்

தம்பி, முதல் வேலை அது புதிதில்லை என்று நிரூபிக்கப் பார்ப்பது. முழு மனதோடு பாருங்கள். உங்களால் முடியாமல் போனால்தான் அடுத்த படி.

எங்கே தேடுவது? நம் பக்கத்துக்குப் பழைய அடிப்படை, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல். கேம்பிள் பாதியில் காலமாகிவிட, பிஷர் முடித்துக் கொடுத்தார். அப்புறம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்து பாதிரியார் கே. எம். மேத்யூ எழுதிய ‘தமிழ்நாடு கர்நாட்டிக்’ தாவரத் தொகுதிகள் (பக்கத்து மாநிலம் இல்லை, நம் பகுதியின் பழைய பெயர்). இதோடு நின்றுவிடக் கூடாது. ஜவ்வாது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. அதே செடி ஆந்திராவிலோ ஒடிசாவிலோ இலங்கையிலோ வேறு பெயரில் இருக்கலாம். தாவரப் பெயர்களுக்குக் கணக்குத் தொடங்குவது லின்னேயஸின் 1753-ஆம் வருட நூலிலிருந்து. அதற்குப் பிறகு யார் முறைப்படி முதலில் பெயர் வைத்தாரோ அவர் பெயருக்குத்தான் முன்னுரிமை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் 1830-இல் பெயர் வைத்து, பிறகு வந்தவர்கள் அதை இன்னொன்றோடு சேர்த்து மூடியிருக்கலாம். அந்த மூடி வைத்த பெயர்களையும் திறந்து பார்க்க வேண்டும். பெயருக்கு ஆதாரமாக வைத்த காய்ந்த செடிகளின் படங்கள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்கே சேகரித்ததைப் பார்க்க முன்பெல்லாம் லண்டன் கியூ தோட்டத்துக்கோ எடின்பரோவுக்கோ கப்பலேற வேண்டும். உங்கள் தலைமுறைக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, ஒரே ஒரு செடியை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். நிழலில் வளர்ந்தால் இலை பெரிசாகும். மழை குறைந்தால் தண்டு குட்டையாகும். ஆர்க்கிட்டுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில சமயம் ஒரு செடியில் மட்டும் கீழ் இதழ் மற்ற இதழ்களைப் போலவே சாதாரணமாக வந்துவிடும். அது பிறவிக் கோளாறு, இனம் இல்லை. அதனால் பல செடிகளில், முடிந்தால் வேறு வேறு வருடங்களில், அளந்து பாருங்கள். வித்தியாசம் எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அளப்பது மில்லிமீட்டரில். கிழங்கு, தண்டு, இலை, பூங்கொத்து, பூவடிச் செதில், புல்லி, அல்லி, கீழ் இதழ், தேன்குழல், நடுத்தூண் (ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாகச் சேர்ந்தது), காய் என்று கீழிருந்து மேலே வர வேண்டும். எழுதும்போதும் இதே வரிசைதான். தரை ஆர்க்கிட் பலவற்றில் கிழங்கு இரண்டு இருக்கும். ஒன்று சுருங்கியிருக்கும், அது போன வருடத்தது, இந்தப் பூவுக்குச் சோறு போட்டது. இன்னொன்று வெளுப்பாக, கெட்டியாக இருக்கும், அடுத்த வருடத்துக்கு. மண்ணை விரலால் விலக்கி அளந்து, வரைந்து, திரும்ப மூடிவிடலாம். பூக்காம்பு மாதிரித் தெரிகிறதே, அது உண்மையில் சூற்பை. உற்றுப் பாருங்கள், முறுக்கியிருக்கும். மொட்டில் மேலே இருக்கிற இதழ் பூக்கும்போது கீழே வந்து பூச்சிக்குத் திண்ணை ஆகிறதே, அதற்காகப் பூ அரைச் சுற்று சுற்றிக்கொள்கிறது. அந்த முறுக்கைப் படத்தில் வரையாமல் விட்ட மாணவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இத்தனை பக்கம் எழுதினாலும் அந்தக் கட்டுரையின் உயிர் இரண்டு வரியில்தான். ‘இது இன்னதைப் போல இருக்கிறது, ஆனால் இதில், இதில், இதில் வேறுபடுகிறது’ என்கிற வரி. அதை உங்களால் தெளிவாக எழுத முடியவில்லையா, உங்கள் கையில் புது இனம் இல்லை. நான் கட்டுரை சரிபார்க்க உட்கார்ந்தால் முதலில் அந்த வரியைத்தான் தேடுவேன். ‘இலை சற்றுப் பெரியது, பூ சற்று வெளிர்’ என்றிருந்தால் அடுத்த பக்கம் திருப்பத் தோன்றாது.

அப்புறம் அனுமதி. காப்புக்காட்டுக்குள் ஒரு இலையைக் கிள்ளுவதற்கும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். அதை முதலிலேயே வாங்குங்கள், எடுத்த பிறகு இல்லை. 2002-ஆம் வருட உயிரியல் பன்மயச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: புது இனம் கண்டவர் அதற்கென்று குறிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்து, சான்றுச் செடியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். நமக்குக் கிட்ட இருப்பது கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். காய்ந்த செடிகளின் காப்பகமான மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் இருக்கிறது. பெயர்தான் மெட்ராஸ், இருப்பது கோவையில்.

புதுச் செடி விவரத்தை இன்னும் இலத்தீனில்தான் எழுத வேண்டுமா? எனக்கு இங்கிலீஷே தகராறு.
அதே மாணவரின் நண்பர், திருப்பத்தூர்

வேண்டாம். 1935 முதல் 2011 முடிய இலத்தீன் கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரி 1 முதல் இங்கிலீஷ் போதும். முறையான எண் உள்ள இணைய இதழில் பிடிஎப்-ஆக வந்தாலும் செல்லும் என்று அதே தேதியில் மாற்றினார்கள். பெயர் மட்டும் இன்னும் இலத்தீன் வடிவம்தான். இங்கிலீஷ் தகராறு உங்கள் பாடு.

அபூர்வமான செடி என்கிறீர்கள். அதைப் பிடுங்கி அழுத்திக் காயவைத்தால்தான் பெயர் என்பது என்ன நியாயம்? இத்தனை நல்ல கேமரா வந்த பிறகும் படம் போதாதா?
வாசகர், காட்பாடி

கோபம் நியாயமானது. ஆனால் விதி தெளிவு: புதுச் செடி இனத்துக்கு ஆதாரம் ஒரு சான்றுச் செடியாகவே இருக்க வேண்டும். நுண்ணிய பாசி, பூஞ்சை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பூக்கும் செடிக்குப் படம் போதாது.

படத்தில் இருப்பது எடுத்தவர் பார்க்க நினைத்தது மட்டும். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் வந்து, ‘இதன் நடுத்தூணில் மகரந்த மூட்டையின் பசைத்தட்டு ஒன்றா, இரண்டா?’ என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. காய்ந்த பூ சொல்லும். ஒரு பூவை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகிவிடும். ஊசியால் பிரித்து லென்சுக்கு அடியில் பார்க்கலாம். நூறு வருடத்துப் பூவும் இப்படி விரியும். எங்கள் துறையில் டீ போடுகிற பாத்திரமும் பூ வேகவைக்கிற பாத்திரமும் தனித்தனி என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்.

ஆனாலும் ஆர்க்கிட் பூ அழுத்தினால் நைந்துபோகிற ஜாதி. சதைப்பற்று அதிகம், இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கறுத்துவிடும். அதனால் தாளில் ஒட்டுகிற செடியோடு, ஒன்றிரண்டு பூவைத் தனியாகச் சாராயக் குப்பியில் போட்டு வைப்பது வழக்கம். தாளில் ஒட்டுவதற்காகச் செடியைத் தோண்ட வேண்டியதில்லை, பூத்தண்டும் இலையும் எடுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விடலாம். சத்துக் குறைந்துபோய் அடுத்த வருடம் பூக்காமல் போனாலும் செடி பிழைத்துக்கொள்ள வழி உண்டு. நாலைந்து செடிதான் இருக்கிறது என்றால் ஒரு தண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரதிகள் எடுக்கிறேன் என்று எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களை நான் ஆராய்ச்சியாளர் என்று சொல்வதில்லை.

புது ஆர்க்கிட்டுக்கு என் அம்மா பெயரை வைக்கலாமா? என் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராணிப்பேட்டை

அம்மா பெயரை வைக்கலாம். பெண் பெயர் என்பதால் கடைசியில் ‘ஏ’ அல்லது ‘இயே’ என்று முடியும். ஆண் பெயர் ‘இ’ அல்லது ‘இஇ’ என்று முடியும். உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி எதுவும் தடுக்கவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. செய்தால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். ஊர்ப் பெயர் வைத்தால் ‘என்சிஸ்’ என்று முடிப்பார்கள். அதிலும் பேரினத்தின் பால் பார்க்க வேண்டும். ஹேபனேரியா பெண்பால், அதனால் என்சிஸ். ஜியோடோரம் அஃறிணை, அதற்கு ‘என்சே’. வங்கியில் காசோலை தேதி தப்பினால் திருப்பி அனுப்புவீர்கள் இல்லையா? இங்கே விகுதி தப்பினால் அந்த அளவுக்குக் கண்டிப்பு இல்லை, பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ளலாம்.

பெயர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் கோவிந்து. 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் தென்னிந்தியச் செடிகளைப் பற்றி எழுதிய பெரும்தொகுதிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. வரைந்தவர்கள் நம் ஊர் ஓவியர்கள். முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. அந்தக் காலத்துத் துரைமார் நூல்களில் வரைந்தவர் பெயரே பெரும்பாலும் இருக்காது. வைட் படத்துக்கு அடியில் பெயரைப் போட்டார். அதோடு விடாமல், ஒரு தரை ஆர்க்கிட்டைத் தனிப் பேரினம் என்று கருதி அதற்குக் ‘கோவிந்தூயியா’ என்றே பெயர் வைத்தார். ஒரு சிற்றினத்துக்கு இல்லை, பேரினத்துக்கே.

பாவம், அது நிலைக்கவில்லை. அந்தச் செடி ஏற்கெனவே பெயர் பெற்ற ட்ரோபிடியா என்ற பேரினத்தில் அடங்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். முதலில் வைத்த பெயருக்கு முன்னுரிமை என்று மேலே சொன்னேனே, அதே விதி. இன்று கோவிந்தூயியா ஒரு மாற்றுப்பெயராக மட்டும் பட்டியலில் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் விதியில் குறை சொல்ல மாட்டேன். கோவிந்துவுக்காக ஒரு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொரு கலெக்டருக்கும் கவர்னருக்கும் கொடுக்கச் சொல்வார்கள். உங்களுக்கு ஒரு யோசனை: அம்மா பெயரை விட, செடியை முதலில் காட்டிய மலைவாசி ஒருவர் இருந்தால் அவர் பெயரை வையுங்கள். ஜவ்வாதில் எந்தப் பூவை யார் முதலில் பார்த்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தரை ஆர்க்கிட்டைக் கிழங்கோடு எடுத்துத் தொட்டியில் வளர்த்து விற்க முடியுமா? என்ன உரம் போடலாம்?
நர்சரி வைத்திருப்பவர், குடியாத்தம்

காட்டிலிருந்து எடுப்பது குற்றம். எல்லா ஆர்க்கிட்டுகளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உங்களுக்கு நட்டம்தான். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும், ஆனால் தூசி மாதிரி. மாம்பழக் கொட்டை, அவரை விதை எல்லாம் உள்ளே கட்டுச்சோறு வைத்திருக்குமே, இதில் அது கிடையாது. மண்ணில் குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று வந்து ஊட்டினால்தான் முளைக்கும். வளர்ந்த பிறகும் பல இனங்களுக்கு அந்த உறவு விடாது. உங்கள் செம்மண்ணும் தொழுஉரமும் போட்ட தொட்டியில் அந்தப் பூஞ்சை இருக்கப்போவதில்லை. உரம் போட்டால் இன்னும் சீக்கிரம் போகும். விற்பதற்கு டென்ட்ரோபியம் கலப்பினம் இருக்கிறது, அதை வாங்கி விற்றுக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் பெங்களூரில் ஆய்வகத்தில் இருக்கிறான். இலையைக் கொடுத்தால் டிஎன்ஏ பார்த்து ஒரே வாரத்தில் புது இனமா என்று சொல்லிவிடலாம் என்கிறான்.
வாசகி, ஆம்பூர்

பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மற்ற இனங்களின் வரிசை தரவுத்தளத்தில் இருந்தால்தானே? நம் பக்கத்து ஹேபனேரியாக்களில் பலவற்றுக்கு அது சரியாக இல்லை. டிஎன்ஏ இருந்தால் கட்டுரை பலமாகும், கட்டாயம் இல்லை. இலைத்துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட உறையில் வைத்துக் கொடுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டு பஸ்ஸில் அனுப்பினால் பெங்களூர் போவதற்குள் அழுகிவிடும்.

இத்தனை நூற்றாண்டாக வெள்ளைக்காரனும் நம்மவரும் சலித்துத் தேடிவிட்டார்களே, இனிமேலுமா புதிதாக ஏதாவது மிச்சம் இருக்கும்?
வாசகர், ஆரணி

இருக்கும். சலித்துத் தேடியது உண்மைதான். லின்னேயஸிடம் படித்த ஜெரார்ட் கோனிக் என்பவர் 1774-இலிருந்து ஆற்காடு நவாபிடம் இயற்கையியலாளராகச் சம்பளம் வாங்கினார். நம் ஆற்காட்டின் பெயர் அப்படியும் தாவரவியலில் ஏறியிருக்கிறது. ஆனால் தேடியவர்கள் எல்லாரும் குதிரையிலும் நடையிலும், பெரும்பாலும் நல்ல வெயில் காலத்தில் போனவர்கள். தரை ஆர்க்கிட் வெயில் காலத்தில் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும்.

நெர்வீலியா என்று ஒன்று. கோடை மழை இரண்டு விழுந்தால் வெறும் மண்ணிலிருந்து ஒரு பூத்தண்டு மட்டும் வரும், இலையே இருக்காது. பூ வாடிக் காய்ந்த பிறகுதான் ஒற்றை இலை தலைகாட்டும். பூவைப் பார்த்தவருக்கு இலை தெரியாது, இலையைப் பார்த்தவருக்குப் பூ தெரியாது. மழை ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் நீங்கள் போகும்போது எதுவுமே இருக்காது. சித்த மருந்துக் கடையில் ஓரிதழ்த்தாமரை என்று விற்கிறார்களே, அதுவா இது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, அது ஆர்க்கிட்டே கிடையாது.

சிலவற்றுக்கு ஆயுள் முழுக்கவே பச்சை இலை வராது, பூஞ்சையை நம்பியே காலம் தள்ளும். 2020-இல் மடகாஸ்கர் காட்டிலிருந்து கேஸ்ட்ரோடியா அக்னிசெல்லஸ் என்று ஒன்றை விவரித்தார்கள். இலை இல்லை, பூ பழுப்பு, சருகுக்குள்ளே கிடக்கும். உலகத்திலேயே அசிங்கமான ஆர்க்கிட் என்று லண்டன் கியூ தோட்டத்தாரே விளம்பரம் செய்தார்கள். அதே 2020-இல் உத்தரப் பிரதேசத்தின் தூத்வா காட்டில், 1902-க்குப் பிறகு நம் நாட்டில் யாரும் பதிவு செய்யாத யூலோபியா ஒப்டூசா என்ற தரை ஆர்க்கிட்டைத் திரும்பக் கண்டார்கள். புல்லுக்கு நடுவே பூக்கிற செடி அது. 2019-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் என்று கணக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகும் புதுப் பெயர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் மாவட்டங்களில் நடக்க வேண்டியது புரட்டாசி மழையில், அட்டைக்கும் சேற்றுக்கும் முகம் சுளிக்காத ஆள் போவது மட்டும்.

புது இனம் பற்றிய செய்தியில் ‘கிழக்குத் தொடர்ச்சி மலை, தமிழ்நாடு’ என்று மட்டும் போடுகிறார்கள். எந்த ஊர் என்று சொன்னால் என்ன?
வாசகர், வாணியம்பாடி

சொன்னால் அடுத்த வாரம் அங்கே மண்வெட்டியோடு ஆள் வந்துவிடும். ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். துல்லியமான இடம் சான்றுத்தாளின் சீட்டிலும் வனத்துறையிடமும் இருந்தால் போதும். முதிர்ந்த செடி 50-க்கும் குறைவு என்றால் பன்னாட்டுச் செம்பட்டியலின் அளவுகோலில் அது அழிவின் விளிம்பு. அப்படிப்பட்ட செடிக்கு கூகுள் மேப்பில் குறி போடுவார்களா?

ஆனால் சீட்டில் மட்டும் ஒளிவு மறைவு கூடாது. பழைய தாள்களில் ‘வட ஆற்காடு’ என்று இருக்கும். அது 1989-இல் இரண்டானது, அதில் வந்த வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ஜவ்வாது இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றிலும் கிடக்கிறது. வெறும் ‘ஜவ்வாது’ என்று எழுதிவைத்தால் தேடிப் போகிறவர் எந்தப் பக்கத்தில் ஏறுவார்? மலை, கிராமம், ஓடையின் பெயர், உயரம், தேதி, பூவின் நிறம், வாசனை எல்லாம் எழுதுங்கள். நிறமும் வாசனையும் தாளில் தங்காது.

புது இனம் கண்டுபிடித்தால் அரசு பணம் தருமா?
வாசகர், பேரணாம்பட்டு

தராது.

ஹெர்பேரியத்துக்குப் போய்ப் பார்க்க என்னைப் போன்ற வெளியாளை விடுவார்களா?
இல்லத்தரசி, சத்துவாச்சாரி

முன்கூட்டியே கடிதம் எழுதி, எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் விடுவார்கள். கோயம்புத்தூர் போக முடியாவிட்டால் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் கொஞ்சம் கிட்டம். பச்சைச் செடியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள், அதோடு பூச்சியும் போகும். பேனா வேண்டாம், பென்சில். தாளைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டக் கூடாது. கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டையாகத் தூக்கிப் பக்கத்தில் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த பூ கொட்டிவிடும். கொட்டியதைத் தாளிலேயே ஒட்டியிருக்கும் சின்ன உறைக்குள் போட்டுவிடுங்கள். பெயர் தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் பழைய பெயரை அடிக்கக் கூடாது. பொறுப்பாளரிடம் கேட்டுச் சின்னச் சீட்டு ஒன்றில் நீங்கள் நினைக்கிற பெயர், உங்கள் பெயர், தேதி எழுதிக் கொடுங்கள். பழைய சீட்டுக்கு மேலேயோ பக்கத்திலோ ஒட்டிவிடுவார்கள்.